சொட்டை விடாத கை

"எல்லாம் சரி. ஆனா அங்கங்க சொட்டை சொட்டையா விட்டு வச்சிருக்கியே, அதையெல்லாம் எப்ப அடைக்கப் போற?"

"எதை?"

"இதோ, இந்த டம்ளர் விளிம்புல. அப்புறம் இந்தக் கரண்டி மேல. ஜன்னல் பக்கத்துல பாரு, ஒரு பெரிய திட்டே காலியா கிடக்கு. நான் ஒரு சுவரை இப்படி விட்டுட்டு வந்தா, வீட்டுக்காரர் என்னை ஏணியோட சேர்த்துத் தெருவுல தூக்கிப் போட்டுடுவார்."

"அது அப்படித்தாங்க இருக்கும்."

"அப்படித்தான் இருக்குமா, இல்ல வெள்ளை தீர்ந்து போச்சா?"

"முதல்ல அந்த டீயைத் தள்ளி வையுங்க. பேப்பர் மேல கொட்டப் போறீங்க."

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். நகர்ந்தாலும் கண்ணை எடுக்கவில்லை. கட்டடங்களுக்கு வண்ணம் அடித்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர் அவர். சுவரில் வண்ணம் படாமல் விட்டுப்போன இடத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் சொட்டை. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் உட்காருவதற்கு முன் சுவரைத்தான் பார்ப்பார். சொட்டை கண்ணில் பட்டுவிட்டால் போதும், கொடுத்த டீ ஆறிப்போகும்வரை அதையே முறைத்துக்கொண்டிருப்பார். மனைவி முழங்கையால் இடித்தால்தான் பேச்சு திரும்பும்.

இப்போது அதே மனைவியின் படத்திலேயே சொட்டை.

அவள் அவருக்கு விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மேசைமேல் நடந்ததை வாய்விட்டுச் சொன்னால் அது கலைந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. தூங்கும் குழந்தையின் அறையில் நடப்பதைப் போல, இரண்டு நாளாக அந்தப் படத்தைச் சுற்றி அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தாள்.

ஒரு காலத்தில் அவள் நன்றாகவே வரைந்துகொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்தபோது துணிமணிகளோடு ஒரு தகர வண்ணப்பெட்டியும் வந்தது. பெரியவன் தவழத் தொடங்கிய நாளில் அதிலிருந்த நீலக் கட்டியை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டான். பிள்ளையின் நாக்கு நீலமாகி, வீடு அல்லோலகல்லோலப்பட்டு, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடி, அவர் சிரித்துத் திருப்பி அனுப்பிய அன்று பெட்டி பரண்மேல் ஏறியது. கொஞ்ச நாளைக்கு என்றுதான் ஏற்றினாள். பிறகு இரண்டாமவன் வந்தான். அதற்குப் பிறகு எல்லோரும் குட்டி என்று கூப்பிடுகிற கடைசிப் பெண். காய்ச்சல், பரீட்சை, தொலைந்த குடை, பள்ளிக்கூட வாசலில் காத்திருத்தல், கல்லூரி, வேலை, மருமகள்கள். கொஞ்ச நாள் என்பது இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போனது.

குட்டியும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு, குளிர்சாதனப் பெட்டி முனகுவது கேட்கிற அளவுக்கு வீடு அமைதியானது. ஒரு மதியம் அவள் நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். வண்ணக் கட்டிகள் வற்றிய குளத்து மண்ணைப் போல வெடித்திருந்தன. தூக்கிப் போடத்தான் நினைத்தாள். ஏதோ தோன்றி, விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துப் பிள்ளையின் பல் பதிந்திருந்த அந்த நீலத்தின்மேல் விட்டாள். கட்டி தண்ணீரைக் குடித்தது. அப்புறம் மெல்ல, கண் விழிக்கிற மாதிரி, நீலம் மேலே வந்தது. பெரியவனுக்கு முன்நெற்றி ஏறத் தொடங்கிவிட்டது; அவன் கடித்த நீலம் அப்படியே இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, நீலமான விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூலகத்து மாடியில் சனிக்கிழமைகளில் ஓவிய வகுப்பு நடந்தது. டீச்சருக்குக் குட்டியின் வயதுகூட இருக்காது. முதல் நாளே, "வெள்ளை மட்டும் வாங்காதீங்கம்மா. பேப்பரை விட வெள்ளை எந்தக் கடையிலயும் கிடைக்காது" என்றாள். இவள் தலையாட்டினாள். புரிந்து ஆட்டவில்லை, மரியாதைக்கு ஆட்டினாள்.

அதன் பிறகு வரைந்ததெல்லாம் ஒப்புக்கு இருந்தது. ஆப்பிள் போட்டாள், ரப்பர் பந்து மாதிரி இருந்தது. மேகம் போட்டாள், குட்டி போனில் பார்த்துவிட்டு, "தலையணை நல்லாருக்கும்மா" என்றாள். கை பழைய கைதான், கண்ணும் பழைய கண்தான். நடுவில் ஏதோ ஒரு கம்பி அறுந்துவிட்டது போலிருந்தது. வகுப்பில் ஒவ்வொருவரும் வரைந்த படங்களில் ஒன்றை நூலகத்தின் வாசிப்பறையில் மாட்டப் போகிறார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது, அவள் தனக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள். அதற்குள் உயிருள்ள படம் ஒன்றாவது வந்துவிட்டால் இது என் வழி. வராவிட்டால் பெட்டி மறுபடி பரணுக்கு. இந்தத் தடவை ஏறினால் இறங்காது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வயதில் சொன்னால் சிரிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அது வந்தது.

அவர்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே வெயில் வராது. எதிர்க் கட்டடத்தின் மேல்மாடிக் கண்ணாடியில் பட்டுத் தெறித்துத்தான் வரும். காலையில் சிறிது நேரம், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள்மேல் நின்றுவிட்டுப் போய்விடும். இத்தனை வருஷமாக அந்த நேரத்தில் அவள் கை அடுப்பில் இருந்தது, அல்லது ஏதோ ஒரு பிள்ளையின் தலைமுடியில் இருந்தது. அன்றைக்குக் கை சும்மா இருந்தது. பார்த்தாள். கண்ணாடி டம்ளர்கள், ஒரு கரண்டி, காது உடைந்த ஜாடி. மேசையைக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எதையும் யோசிக்கவில்லை. சாம்பலும் நீலமும் கலந்து, டம்ளர்களைப் போடாமல் டம்ளர்களுக்கு நடுவில் இருந்த நிழல்களை மட்டும் போட்டுக்கொண்டே போனாள். வெயில் நின்ற இடங்களைத் தொடவில்லை. தொட நேரமில்லை, வெயில் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் தண்ணீர் அதிகமாகி நிழல் தானாகப் பரவி ஒரு விளிம்பில் போய் நின்றது. பிரஷ்ஷைத் தூக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

உடம்பு சிலிர்த்துவிட்டது. பேப்பரில் டம்ளர்கள் ஈரமாக இருந்தன. தொட்டால் விரல் நனையும் போல. கரண்டிமேல் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. அந்த வெளிச்சத்தை அவள் போடவில்லை. அது வெறும் பேப்பர். அது அங்கேயே இருந்திருக்கிறது, கடையில் வாங்கும்போதே இருந்திருக்கிறது. அவள் சுற்றிலும் இருட்டை வைத்து அதைக் கூப்பிட்டிருக்கிறாள், அது வந்து நின்றிருக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகிய வாசனை வந்தபோதுதான் அவளுக்கு வாயை மூட வேண்டும் என்று தோன்றியது.

அந்த வெளிச்சத்தைத்தான் அவர் சொட்டை என்கிறார்.

வியாழக்கிழமை அவள் படத்தை அளந்துகொண்டு ஃபிரேம் கடைக்குக் கிளம்பினாள். அவர் வேலைக்குப் போய்விட்டுப் பாதியில் திரும்பியிருந்தார். பூச்சு ஈரம் காயவில்லை, இன்றைக்கு அடிக்க முடியாது என்று வந்துவிட்டார். வேலையில்லாத பகலில் அவர் கூண்டுக் கிளி மாதிரி. குழாயை முடுக்குவார், கதவுக்கு எண்ணெய் போடுவார், பூட்டைக் கழற்றிப் பார்ப்பார்.

"எதையும் கழட்டாதீங்க. நான் இப்ப வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"ஒண்ணையும் கழட்ட மாட்டேன்" என்றார். வாக்குத் தவறவில்லை.

கடையில் கூட்டம். சட்டங்களை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்து, மெல்லிய மரச்சட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர், "யார் வரைஞ்ச படம்?" என்று கேட்டார். "நான்" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வீடு வரும்வரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கதவைத் திறந்தபோது அவர் குழாயடியில் பிரஷ் கழுவிக்கொண்டு சீட்டியடித்தார். அவர் சீட்டியடித்தால் ஏதோ ஒன்றை முடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

"போய்ப் பாரு" என்றார், திரும்பாமலே.

"எதை?"

"போய்ப் பாரேன்."

அவள் மேசைக்குப் போகவேயில்லை. அறை வாசலிலிருந்தே தெரிந்துவிட்டது. யாரோ விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள்.

டம்ளர் விளிம்புகளில், கரண்டிமேல், ஜாடியின் கழுத்தில், ஜன்னலோரத் திட்டில், அவள் விட்டு வைத்த ஒவ்வோர் இடத்திலும் வெள்ளை அடித்திருந்தது. சுவருக்கு அடிக்கும் வெள்ளை. உயர்ந்த ரகம், சந்தேகமில்லை. அது வெளிச்சத்தை உள்ளே விடாமல் சுண்ணாம்பு மாதிரி அப்பிக்கொண்டு நின்றது. டம்ளர்கள் காய்ந்துவிட்டன. வெயில் போய்விட்டது.

அவர் பின்னால் வந்து நின்று கையைத் துண்டில் துடைத்தார். "வெள்ளை இல்லாமத்தான் நீ முழிச்சிட்டு இருக்கன்னு எனக்கு அப்பவே தெரியும். வாய்விட்டுக் கேட்டா என்ன குறைஞ்சா போயிடுவ? வீட்டுல டின் டின்னா இருக்கு. உன் பெட்டியைத் திறந்து பார்த்தேன், வெள்ளையே கிடையாது. என்ன கடைடா இது, வெள்ளை இல்லாம கலர்ப்பெட்டி விக்கிறான்னு நினைச்சேன். இதுக்குன்னே ஒரு பிரஷ்ஷோட முடியைக் கத்தரிச்சு, ஊசி மாதிரி ஆக்கினேன். பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா அடைச்சேன். மூச்சுக்கூட மேசை கிட்ட விடலை தெரியுமா? பால்கனிக்குப் போய் விட்டுட்டு வந்தேன். ஒரு சொட்டை இருக்காது. வேணா தேடிப் பாரு."

அவள் தேடவில்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக் குடித்தாள்.

அவர் அங்கேயும் வந்தார். "நல்லா இல்லையா?"

"நல்லாருக்கு."

"நீ 'நல்லாருக்கு'ன்னு சொல்ற விதத்துல எனக்கு வித்தியாசம் தெரியாதா? என்னன்னு சொல்லு."

"அது வெளிச்சம்ங்க" என்றாள். "நீங்க அடைச்சது சொட்டை இல்ல. வெளிச்சம்."

அவர் புரியாமல் விழித்தார். அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவும் செய்தது. ஆனால் கையில் துண்டைப் பிடித்தபடி, நல்ல மதிப்பெண் வாங்கி வந்து திட்டு வாங்கும் பிள்ளையைப் போல அவர் நின்ற கோலத்தில் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேசைமுன் உட்கார வைத்தாள். ஒரு துண்டுப் பேப்பரை எடுத்தாள்.

"பாருங்க. பேசாதீங்க."

பேப்பரை நனைத்தாள். கருநீலத்தைத் தொட்டு ஒரு பக்கமாக இழுத்தாள். இன்னொரு பக்கம் வளைத்தாள். நடுவில் கோணல்மாணலாக ஓர் இடத்தைச் சும்மா விட்டாள். கீழே கொஞ்சம் சாம்பல். காதுக்கு ஒரு சின்ன இருட்டு. பிரஷ்ஷை எடுத்துவிட்டுப் பேப்பரைத் தூக்கிப் பிடித்தாள்.

அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள். பிள்ளை பிறந்தபோது, ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது, குட்டியை ரயிலேற்றியபோது. இப்படிப் பார்த்ததில்லை. புருவம் மேலே ஏறி அங்கேயே நின்றுவிட்டது.

"இந்தக் கோப்பை எங்கிருந்து வந்துச்சு?"

"வரலை. இருந்துச்சு. நான் சுத்தி இருட்டு வச்சேன், அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு விரலை நீட்டி, கோப்பை மினுங்கிய இடத்தை மெதுவாகத் தொட்டார். விரலைத் திருப்பிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இங்க நீ ஒண்ணுமே போடலையே."

"போடலை."

"ஒண்ணுமே போடாத இடம்தான் மின்னுது." அவர் குரல் தாழ்ந்துவிட்டது, பெரிய மண்டபத்துக்குள் நுழைந்தவர் பேசுவதைப் போல. "என் ஆயுசெல்லாம் வெறும் இடத்தைக் கண்டா மூடிக்கிட்டே வந்தேன். அங்க இப்படி ஒண்ணு உக்காந்திருக்கும்னு எனக்கு யாரும் சொல்லலையே."

பிறகுதான் அவருக்கு உறைத்தது. தலை மெல்லத் திரும்பியது, பெரிய படத்தின் பக்கம். அதில் தன் கையால் அப்பிய வெள்ளையை ஒவ்வோர் இடமாகப் பார்த்தார்.

"அடப்பாவி" என்றார். "உன்னைச் சொல்லலை."

"தெரியுது."

"ஈரத்துணியால துடைச்சா?"

"மழைக்கும் போகாத பெயிண்ட்டுன்னு நீங்கதானே ஊரெல்லாம் பெருமை அடிப்பீங்க."

"மழைக்கும் போகாது, வெயிலுக்கும் போகாது" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வருத்தத்தோடு சொன்னார். "சுரண்டினா?"

"பேப்பரும் சேர்ந்து வந்துடும்."

சாயங்காலம் குட்டி போன் செய்தாள். அவரே எடுத்தார், அவரே ஒப்புக்கொண்டார்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. ரெண்டாவது கோட்டும் அடிச்சீங்களா?"

"அடிச்சேன்மா. முதல் கோட்டு லேசா இருந்துச்சு."

"உங்களை வச்சுக்கிட்டு அம்மா எப்படித்தான் காலம் தள்ளினாங்களோ! அம்மாகிட்ட குடுங்க." பிறகு அம்மாவிடம், "விடும்மா. அதே டம்ளர், அதே ஜன்னல். காலையில உக்காந்து இன்னொண்ணு போட்டுடு. ஒரு தடவை வந்தது மறுபடி வராதா?" என்றாள்.

அவள் "உம்" கொட்டினாள். அந்தக் கேள்வியில்தானே அவள் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் டம்ளர்களை முன்பு இருந்த மாதிரியே கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வெயில் வந்தது. எதிர்க் கண்ணாடியில் பட்டு, ஜன்னலில் நுழைந்து, அதே இடத்தில் நின்றது. அவள் வரைந்தாள். சாம்பல், நீலம், நிழல். ஆனால் கைக்கு இப்போது எல்லாம் தெரிந்திருந்தது. எங்கே விட வேண்டும் என்று தெரிந்தே அது இடம் விட்டது. எங்கே பரவ வேண்டும் என்று தெரிந்து பரவ விட்டது. முடித்து நிமிர்ந்தபோது பேப்பரில் டம்ளர்களின் படம் இருந்தது. படம் மட்டும்தான் இருந்தது. ஒன்றும் நனைந்திருக்கவில்லை.

வெயில் நகர்ந்துவிட்டது. அவள் பிரஷ்ஷைக் கழுவினாள். பெட்டியை மூடினாள். மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். அழுகை வரவில்லை. அவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டாள்.

அறையில் அவர் வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டது. சத்தம் கேட்கக்கூடாது என்று அவர் படும் பாட்டின் சத்தம். வாளியைப் பூப்போல வைத்தார், கதவைத் திருடனைப் போலத் திறந்தார். நேற்றிலிருந்தே அவர் வீட்டில் விருந்தாளி மாதிரித்தான் நடமாடிக்கொண்டிருந்தார்.

அவள் கெட்டுப்போன படத்தை எடுத்தாள். குப்பையில் போடுவதற்கு முன் ஒரு தடவை பார்க்கலாம் என்று ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். பக்கவாட்டு வெளிச்சத்தில், அவர் அடித்த வெள்ளை பேப்பருக்குமேல் மெலிதாகப் புடைத்துத் தெரிந்தது.

கண் ஒரு டம்ளரின் விளிம்பில் போய் நின்றது.

விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று போயிருந்தது. தலைமுடியளவு மெல்லிசாகத் தொடங்கி, வளைவில் கொஞ்சம் தடித்து, மறுபடி மெலிந்து, அவள் போட்ட நிழலை ஓர் இழைகூடத் தீண்டாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. எங்கும் நிற்கவில்லை. எங்கும் நடுங்கவில்லை. ஒரே இழுப்பு. இரண்டாவது தடவை அடித்ததும் அதன்மேலேயே, அதே தடத்தில், விலகாமல் போயிருந்தது.

அவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். அடுத்த டம்ளர். கரண்டியின் காம்பு. ஜாடியின் கழுத்தில் அவள் தண்ணீர் தானாகப் பரவி நின்ற அந்தப் பிசிறான விளிம்பு. அந்த ஒவ்வொரு பிசிறையும் ஒட்டி, கடலோரத்தைத் தொட்டுத் தொட்டுப் போகிற படகைப் போல, அவருடைய வெள்ளை போயிருந்தது. அவள் தற்செயலாக விட்ட ஒவ்வொரு சின்னக் கோணலையும் அவர் பார்த்திருக்கிறார். இவ்வளவு கிட்டத்தில் தன் படத்தை அவளே பார்த்ததில்லை.

இது ஓய்வில்லாமல் வாளி தூக்கிய கை. மூட்டுகள் வீங்கிய, நகக்கண்ணில் எந்நாளும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும் கை. சோறு பிசையும்போது, சண்டையில் ஆட்டும்போது, பிள்ளைகளின் நெற்றியில் காய்ச்சல் பார்க்கும்போது அதைப் பார்த்திருக்கிறாள். அது காலையில் போகும், மாலையில் வரும். நடுவில் அது என்ன செய்கிறது என்று ஒரு நாளாவது போய்ப் பார்த்தாளா?

அவள் தலையை நிமிர்த்தினாள்.

சுவரும் கூரையும் சேரும் இடம். கீழே இளம் பச்சை, மேலே வெள்ளை. நடுவில் ஒரு கோடு, அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை. ஓரத்துக்கு டேப் ஒட்டாமல், அளவுகோல் வைக்காமல், ஏணியில் நின்றபடி வெறுங்கையால் இழுத்தது. அதன் அடியில்தான் அவள் இத்தனை காலம் சமைத்தாள். பார்வை கோட்டைப் பிடித்துக்கொண்டு போயிற்று. ஜன்னல் சட்டத்தைச் சுற்றியது. மின்விசைப் பலகையைச் சுற்றியது. சுவர் கொஞ்சம் கோணலாக இருந்த ஓர் இடத்தில் கோடும் யாருக்கும் தெரியாமல் சற்றே சாய்ந்து, அந்தக் கோணலை மறைத்துவிட்டுப் போயிருந்தது. அவள் சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போனாள். கூடத்திலிருந்து படுக்கையறை வாசலுக்கு. கழுத்தை அண்ணாந்தபடியே நடந்தாள். எல்லா இடத்திலும் அந்தக் கோடு இருந்தது. வீடு முழுக்க ஒரே மூச்சில் வரைந்திருந்தது. ஒரு படத்துக்கு உள்ளேயே அவள் குடியிருந்திருக்கிறாள், பிள்ளை பெற்றிருக்கிறாள், அவர்களை வளர்த்து அனுப்பியிருக்கிறாள்.

இந்த வீடு மட்டுமா? பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம், நூலகத்து வாசிப்பறை, ஃபிரேம் கடை இருந்த தெருவில் பாதிக் கட்டடங்கள். எல்லாச் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் அவர் கை போயிருக்கிறது. யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கோடு சரியாக இருந்தால் கோடு இருப்பதே தெரியாது.

செவ்வாய்க்கிழமை சிலிர்த்த உடம்பு மறுபடி சிலிர்த்தது. இந்தத் தடவை அது நிற்க நேரமெடுத்தது. டம்ளர்கள் மேலிருந்த வெயில் போனதோடு அந்தச் சிலிர்ப்பும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அது எங்கும் போகவில்லை. அவள்தான் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் அவர் முக்காலியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளி, சுருட்டிய துணி, பெரிய பிரஷ், சின்ன பிரஷ். குனிந்த தலையில் நேற்றைய வெள்ளை ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

அவள் உள்ளே ஓடினாள். மூடிய பெட்டியை எடுத்தாள். பேப்பர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கினாள். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். மூடி சரியாக விழவில்லை, தண்ணீர் புடவையில் சிந்தியது. அப்படியே வாசலுக்கு வந்தாள். நூலகத்தில் படத்தைக் கொடுக்கச் சாயங்காலம்வரை நேரம் இருந்தது.

"ஏங்க, இன்னைக்கு எங்க வேலை?"

அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "கல்யாண மண்டபத்துல. நேத்துக் காயாத மேல் விளிம்பு மட்டும் பாக்கி இருக்கு" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "அது வந்துச்சா? டம்ளரு?" என்றார்.

"வரலை."

அவர் கை வாரிலேயே நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"விளிம்பு உயரமா?"

"ஏணி போட்டுத்தான் ஏறணும். ஏன் கேக்கற?"

"கூரைக்கும் சுவருக்கும் நடுவுல கோடு இழுப்பீங்கள்ல?"

அவர் இப்போதுதான் நிமிர்ந்தார். அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார், கக்கத்து அட்டையைப் பார்த்தார், நனைந்த புடவையைப் பார்த்தார். அவள் பார்வை அவர் முகத்தில் இல்லை. ஒரு வாரை மாட்டி, இன்னொன்றை மாட்டாமல் நின்றுவிட்ட அந்தக் கையில் இருந்தது.

"நான் ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்" என்றாள். "வாயே திறக்க மாட்டேன். நீங்க உங்க பாட்டுக்கு இழுத்துட்டே போங்க. என்னையும் கூட்டிட்டுப் போங்களேன்?"